கம்ப்யூட்டருக்குக் காய்ச்சலா? காபித் தோட்டத்தைப் பாருங்கள்!

குழந்தைகளே, ஏற்காட்டுக்குப் போயிருக்கிறீர்களா? சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போனால் காற்று குளிரும், காது அடைக்கும். பிறகு ஏரி, படகு, மூடுபனி! மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள், அவற்றின் நிழலில் வரிசை வரிசையாகக் காபிச் செடிகள்! இதுதான் சேர்வராயன் மலை.

அந்த மலையில் ஒரு வீட்டில் கம்ப்யூட்டர் திடீரென்று நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கடை, சர்வீஸ் சென்டர் என்றால் சேலத்துக்குத்தான் இறங்க வேண்டும். சி.பி.யூ. பெட்டியைப் போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு 20 வளைவும் இறங்கிப் போனால், கடைக்காரர் ஒயரைச் செருகிப் பட்டனை அழுத்துகிறார். "நல்லாத்தானே இருக்கு!" என்கிறார். கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை. வீட்டு பிளக் பாயின்ட்டில்! அப்பாவின் ஒரு நாள் வேலையும் போச்சு, பஸ் காசும் போச்சு.

மலையில் இருந்தாலும் சரி, மாநகரத்தில் இருந்தாலும் சரி, கம்ப்யூட்டர் விஷயத்தில் முதல் பாடம் ஒன்றுதான். முதலில் பார், பிறகு தொடு!

வெளியிலிருந்து உள்ளே...

கணக்கில் விடை தப்பினால் என்ன செய்வீர்கள்? முழுவதையும் அடித்துவிட்டு அழுவீர்களா? மேலே இருந்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்ப்பீர்கள் அல்லவா? இதற்கும் அதே வழிதான்.

கம்ப்யூட்டரில் உயிரே இல்லையா? அந்த பிளக்கில் மேஜை விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். அடுத்து யு.பி.எஸ். அதற்கடுத்து, சி.பி.யூ.வின் பின்பக்கம் மின் ஒயர் நுழையும் இடத்தில் உள்ள சின்ன சுவிட்ச். துடைக்கும்போது கைபட்டு அது அணைந்திருக்கலாம்.

விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, ஆனால் திரையில் 'நோ சிக்னல்' என்று வருகிறதா? மானிட்டர் ஒயர் தளர்ந்திருக்கலாம். இரண்டு முனையையும் பாருங்கள்.

பாஸ்வேர்டு சரியாக அடித்தும் ஏற்கவில்லையா? 'கேப்ஸ் லாக்' விளக்கு எரிகிறதா பாருங்கள். எண்கள் விழவில்லை என்றால் 'நம் லாக்'.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். நாலைந்தைச் சேர்த்துச் செய்தால், எதனால் சரியானது என்றே தெரியாது. அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும்.

'பீப்... பீப்...' என்று சத்தம் மட்டும் வந்தால் உள்ளே மெமரி அட்டை அசைந்திருக்கலாம். பெட்டியைத் திறப்பது பெரியவர்கள் வேலை. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் உள்ளிருக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியில் மின்சாரம் தங்கியிருக்கும். அதைத் தொடவே கூடாது!

மின்னல், ஈரம், பூச்சி

மலைப்பகுதிக் கம்ப்யூட்டருக்கு மூன்று எதிரிகள்.

முதல் எதிரி மின்னல். மின் கம்பி வழியாக மட்டும் அல்ல, டெலிபோன், பிராட்பேண்ட் ஒயர் வழியாகவும் மின்னலின் தாக்கம் உள்ளே வரும். சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கையும் நெட் ஒயரையும் பிடுங்க வேண்டும். அதுவும் வானம் கறுக்கும்போதே! தலைக்கு மேல் இடி இடிக்கும்போது ஒயர் பக்கம் போகக்கூடாது.

இரண்டாவது, ஈரம். மழைக்காலத்தில் நோட்டுப் புத்தகம்கூட நமத்துப்போகும் ஊரில், சுவரோடு ஒட்டி வைத்த கம்ப்யூட்டர் மட்டும் காய்ந்தா இருக்கும்? சுவரிலிருந்து நகர்த்தி வையுங்கள். பல நாள் பூட்டியே வைக்காமல் அவ்வப்போது இயக்குங்கள். உள்ளே உண்டாகும் வெப்பம் ஈரத்தை விரட்டும். துணி உறை போட்டிருந்தால், இயக்கும் முன் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது, பூச்சி. சிரிக்காதீர்கள்! 1947 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 'மார்க் 2' என்ற ராட்சதக் கம்ப்யூட்டர் தகராறு செய்தது. உள்ளே பார்த்தால், ஓர் அந்துப்பூச்சி சிக்கிச் செத்துக் கிடந்தது. அதை எடுத்துப் பதிவேட்டிலேயே ஒட்டி வைத்தார்கள். கோளாறைப் பூச்சி என்ற பொருளில் 'பக்' என்று சொல்லும் வழக்கம் இன்ஜினியர்களிடம் அதற்கு முன்பே உண்டு. அன்றைக்கு நிஜப் பூச்சியே கிடைத்துவிட்டது!

வைரஸ் வேஷம் போடும் கோளாறுகள்

கம்ப்யூட்டர் கொஞ்சம் மெதுவானாலே 'வைரஸ் வந்துடுச்சு' என்கிறோம். எல்லாக் காய்ச்சலும் மலேரியாவா என்ன?

ஒரு துப்பறியும் கேள்வி. கம்ப்யூட்டரில் தேதி பல வருடம் பின்னால் போய்விட்டது. எந்த இணையதளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பானது அல்ல' என்று எச்சரிக்கை. வைரஸா?

அநேகமாக இல்லை! உள்ளே ஒரு ரூபாய் நாணயம் போல ஒரு வட்ட பேட்டரி இருக்கிறது. 3 வோல்ட். மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். அது தீர்ந்தால் தேதி குழம்பும். ஒவ்வொரு பாதுகாப்பான இணையதளமும் தேதி போட்ட ஒரு சான்றிதழ் வைத்திருக்கும். தேதி பொருந்தாததால் கம்ப்யூட்டர் அதை நம்ப மறுக்கிறது. பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தால் தீர்ந்தது.

இன்னும் சில வேஷங்கள் உண்டு. ஹார்டு டிஸ்க் நிரம்பி வழியலாம். பின்னணியில் அப்டேட் இறங்கிக்கொண்டிருக்கலாம். விசிறியில் தூசி அடைத்துச் சூடாகி, தானாக அணையலாம். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' வரும். எந்த புரோகிராம் அதிகம் உழைக்கிறது என்று அது காட்டிக்கொடுக்கும்.

இவை எதுவும் இல்லையா? சரி, இப்போது வைரஸைச் சந்தேகப்படலாம்.

தண்டுக்குள் ஒளியும் வண்டு

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். 'வெள்ளைத் தண்டுத் துளைப்பான்' என்றால் முகம் சுருங்கும். அராபிகா காபிச் செடியின் பெரிய எதிரி அது. தாய் வண்டு, பட்டையில் உள்ள வெடிப்புகளில் முட்டையிடும். புழு பொரிந்து தண்டுக்குள் துளைத்துப் போய், பல மாதங்கள் உள்ளேயே இருந்து தின்னும். தூரத்திலிருந்து பார்த்தால் செடி பச்சைப் பசேல்! கிட்டே போய்ப் பார்த்தால்தான் தண்டில் வரிவரியாகப் புடைப்பு தெரியும். கொஞ்சம் கொஞ்சமாக இலை மஞ்சளாகி வாடும்.

கம்ப்யூட்டரைக் கெடுக்கும் தீய புரோகிராமும் இப்படித்தான். இவற்றுக்குப் பொதுப் பெயர் 'மால்வேர்'. அதில் பல வகை. ஒரு கோப்பில் ஒட்டிக்கொண்டு பரவுவது வைரஸ். யாரும் தொடாமலே நெட் வழியாகத் தானே ஊர்ந்து பரவுவது வார்ம். விளையாட்டு, இலவச சாப்ட்வேர் என்று நல்ல பிள்ளை வேஷத்தில் நுழைவது ட்ரோஜன். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பது ரான்சம்வேர்.

ஐ.பி.எம். வகை பெர்சனல் கம்ப்யூட்டரைத் தாக்கிய முதல் வைரஸ் எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் பக்கத்து நாட்டு லாகூரிலிருந்து! 1986-ல் வந்த அதன் பெயர் 'பிரெயின்'. பாசித் அல்வி, அம்ஜத் அல்வி என்ற சகோதரர்கள் எழுதியது. தங்கள் பெயர், முகவரி, டெலிபோன் நம்பர் எல்லாவற்றையும் வைரஸுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள். தங்கள் மருத்துவ சாப்ட்வேரைத் திருட்டுத்தனமாக நகல் எடுப்பவர்களைப் பிடிக்கத்தான் எழுதினோம் என்றார்கள். அது ஃபிளாப்பி வழியாக உலகம் சுற்றிவிட்டது. இன்றைய தீய புரோகிராம்களை எழுதுகிறவர்கள் முகவரி தருவதில்லை. நம் பணத்தைத்தான் தேடுகிறார்கள்.

தண்டில் புடைப்பு போல, கம்ப்யூட்டரில் தெரியும் அடையாளங்கள் இவை:

* பிரவுசரைத் திறந்தால் நீங்கள் வைக்காத வேறு பக்கம் வருவது.

* விளம்பரங்கள் தாமாகவே துள்ளித் துள்ளி வருவது.

* யாரும் போடாத புரோகிராம் உட்கார்ந்திருப்பது.

* ஆன்டி வைரஸ் தானாக அணைந்து கிடப்பது.

* பென் டிரைவில் இருந்த ஃபோல்டர்கள் எல்லாம் 'ஷார்ட்கட்' ஆக மாறியிருப்பது. பிரின்ட் எடுக்கக் கடைக்குப் போய்வந்த பென் டிரைவில் இதைப் பார்க்கலாம். உங்கள் கோப்புகள் பெரும்பாலும் அழிந்திருக்காது, மறைக்கப்பட்டிருக்கும். அந்த ஷார்ட்கட்டை மட்டும் சொடுக்காதீர்கள். சொடுக்கினால் வைரஸுக்குக் கதவைத் திறந்துவிட்டீர்கள்!

கூடங்குளம் சொல்லும் பாடம்

'நம் வீட்டுக்கெல்லாம் வைரஸ் வருமா?' என்று நினைக்காதீர்கள். 2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கே வந்தது!

இந்திய அரசின் 'செர்ட்-இன்' என்ற கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பு, செப்டம்பர் 4 அன்று இதைத் தெரிவித்தது. அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று அறிக்கை வெளியிட்டு, மால்வேர் இருந்ததை ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்டது, நிர்வாக வேலைக்காக இன்டர்நெட்டுடன் இணைந்திருந்த ஒரு கம்ப்யூட்டர். அது முக்கியமான உள் வலையிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. நிலையத்தை இயக்கும் அமைப்புகள் பாதிக்கப்படவில்லை என்றும் அந்த அறிக்கை கூறியது.

கவனித்தீர்களா? தனியாகப் பிரித்து வைப்பது எவ்வளவு பெரிய காவல்! அம்மை கண்ட பிள்ளையை வீட்டில் தனி அறையில் படுக்க வைப்பது போலத்தான். வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் முதல் சிகிச்சை அதுவே.

விரட்டும் வழி

பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. நெட் ஒயரைப் பிடுங்குங்கள்; வை-ஃபையை அணையுங்கள். பென் டிரைவை எடுத்துவிடுங்கள்.

2. திரையில் வந்த செய்தியை அப்படியே தாளில் எழுதுங்கள், அல்லது போனில் படம் பிடியுங்கள். வைத்தியரிடம் 'எப்போதிருந்து காய்ச்சல்?' என்று சொல்வது போல இது.

3. அந்தக் கம்ப்யூட்டரில் எந்த பாஸ்வேர்டும், வங்கி விவரமும் அடிக்காதீர்கள்.

4. ஆன்டி வைரஸில் 'ஃபுல் ஸ்கேன்' கொடுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் 'விண்டோஸ் செக்யூரிட்டி' கூடவே வருகிறது. இரண்டு ஆன்டி வைரஸை ஒரே நேரத்தில் ஓட விடாதீர்கள். ஒன்றை ஒன்று சந்தேகப்பட்டு, கம்ப்யூட்டர்தான் திணறும்.

5. போகவில்லையா? அதே இடத்தில் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' இருக்கிறது. திறந்திருக்கும் வேலையைச் சேமித்துவிட்டு அதைக் கொடுங்கள். கம்ப்யூட்டர் அணைந்து எழுந்து, விண்டோஸ் முழுதாக விழிக்கும் முன்பே சோதிக்கும். விண்டோஸோடு சேர்ந்து விழித்து ஒளிந்துகொள்ளும் திருடன் அப்போது தூங்கிக்கொண்டிருப்பான்!

6. புரோகிராம் பட்டியலிலும் பிரவுசர் எக்ஸ்டென்ஷன் பட்டியலிலும் நீங்கள் போடாதவை இருந்தால், என்ன என்று விசாரித்து நீக்குங்கள்.

7. இப்போது நெட்டை இணைத்து, ஆன்டி வைரஸை அப்டேட் செய்து, மறுபடி ஒருமுறை ஸ்கேன். பென் டிரைவையும் ஸ்கேன் செய்த பிறகே திறக்க வேண்டும்.

8. முக்கிய பாஸ்வேர்டுகளை, பாதிக்கப்படாத வேறு கம்ப்யூட்டரிலிருந்து மாற்றச் சொல்லுங்கள்.

மத்திய அரசு 2017 பிப்ரவரியில் தொடங்கிய 'சைபர் ஸ்வச்சதா கேந்திரா' இணையதளத்தில் இலவச நீக்கும் கருவிகள் கிடைக்கின்றன. ஆன்டி வைரஸ் என்றால் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். கே7 நிறுவனம் நம் சென்னையில், 1990-களின் தொடக்கத்தில் ஜெ. கேசவர்தனன் தொடங்கியது!

இத்தனைக்கும் போகவில்லை என்றால்? துளைப்பான் ஏறிய செடியைத் தோட்டக்காரர் வேரோடு பிடுங்கி எரித்துவிடுவார். மனசு வலிக்கும். ஆனால், விட்டுவைத்தால் உள்ளிருந்து வண்டு கிளம்பிப் பக்கத்துச் செடிக்குப் போகும். நாமும் அப்படித்தான். படங்களையும் பாடங்களையும் மட்டும் நகல் எடுத்துக்கொண்டு, ஹார்டு டிஸ்க்கை 'ஃபார்மேட்' செய்து விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டும். அந்த நகலையும் ஸ்கேன் செய்த பிறகுதான் திரும்ப ஏற்ற வேண்டும்.

பட்டை வெடிப்பை விடாதீர்கள்

தோட்டக்காரர் இன்னொன்றும் செய்வார். தென்னை நாரால் ஆன உறையைக் கையில் மாட்டிக்கொண்டு, தண்டில் உரிந்து நிற்கும் பட்டையைத் தேய்த்து வழவழப்பாக்குவார். வெடிப்பு இல்லாவிட்டால் வண்டுக்கு முட்டையிட இடம் இல்லை!

கம்ப்யூட்டரில் வெடிப்பை அடைப்பது எது? அப்டேட்தான். 2017 மே 12 அன்று 'வான்னாக்ரை' என்ற ரான்சம்வேர் கிளம்பி, சுமார் 150 நாடுகளில் பரவியது. திருப்பதி தேவஸ்தானத்தின் சில கம்ப்யூட்டர்களையும் அது விடவில்லை. இத்தனைக்கும் அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது! போட்டவர்கள் பிழைத்தார்கள், 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப் போட்டவர்கள் மாட்டினார்கள்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. உங்கள் வீட்டில் இருப்பது எது என்று அப்பா, அம்மாவைப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 ஏறாவிட்டால் இலவச லினக்ஸ் போடலாம். சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' அந்த வகைதான். 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் தரத் தொடங்கியபோது, அவற்றில் இந்த 'பாஸ்' இருந்தது.

திட்டு விழுமோ?

இதுவரை சொன்னதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது.

விளையாட்டு ஒன்றை இறக்குகிறீர்கள். திடீரென்று திரை முழுக்கச் சிவப்பு. 'உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்! உடனே இந்த நம்பருக்குப் பேசவும்!' என்று சைரன் ஒலிக்கிறது. பகீர் என்கிறது. அது ஒரு நாடகம், குழந்தைகளே! அந்த நம்பரில் இருப்பவர் உதவி செய்பவர் அல்ல. நம் கம்ப்யூட்டரைத் தூரத்தில் இருந்தே இயக்க ஒரு புரோகிராமைப் போடச் சொல்வார். பிறகு பணம் கேட்பார். பேசாதீர்கள். ஆல்ட்டும் எஃப்4-உம் சேர்த்து அழுத்தி மூடுங்கள். மூடவில்லையா? டாஸ்க் மேனேஜர் இருக்கவே இருக்கிறது.

பிறகு உடனே வீட்டில் சொல்லுங்கள். 'திட்டு விழுமே' என்று மறைத்தால் என்ன ஆகும்? ராத்திரி அதே கம்ப்யூட்டரில் அப்பா வங்கிக் கணக்கைத் திறப்பார். அக்கா கல்லூரி விண்ணப்பம் நிரப்புவாள். திருடன் உள்ளே இருப்பது தெரிந்தது உங்கள் ஒருவருக்குத்தான். நீங்களும் பேசாமல் இருந்தால் யார் எச்சரிப்பார்? ஐந்து நிமிடத் திட்டு, வீட்டுச் சேமிப்பைக் காப்பாற்றும் என்றால் வாங்கிக்கொள்ளலாமே!

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. உண்மை சொன்ன பிள்ளையைத் திட்டினால், அடுத்த முறை அது சொல்லாது. பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவு வாய்ப்பு உண்டு பணத்தைத் தடுத்து நிறுத்த. ரான்சம்வேர் கேட்கும் பணத்தைக் கட்டாதீர்கள். கட்டினாலும் கோப்பு திரும்பும் என்பதற்கு உறுதி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுப்பாடம்

விடுமுறை நாளில் பாடமா என்று முறைக்காதீர்கள். மூன்றே வேலைதான்!

ஒன்று: வீட்டுப் படங்களையும் முக்கியக் கோப்புகளையும் தனி ஹார்டு டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ நகல் எடுத்து, கழற்றிப் பத்திரமாக வையுங்கள். இணைந்தே இருந்தால் ரான்சம்வேர் அதையும் பூட்டிவிடும்.

இரண்டு: தள்ளிப்போட்ட அப்டேட்டை இன்றே போடுங்கள்.

மூன்று: ஒரு 40 பக்க நோட்டில் 'கம்ப்யூட்டர் நோட்டு' என்று எழுதுங்கள். என்றைக்கு என்ன கோளாறு, என்ன செய்தோம், எப்படிச் சரியானது என்று தேதி போட்டுக் குறித்து வாருங்கள். ஒரு வருடம் கழித்துப் புரட்டிப் பாருங்கள். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நீங்கள்தான் குடும்ப டாக்டர்!